இரண்டாவது புத்தகம்

நண்டு ஏன் நேராக நடக்காமல் பக்கவாட்டில் நடக்கிறது என்ற கேள்விக்குத்தான் அளத்தங்கரைத் தொடக்கப்பள்ளியில் முதல் புத்தகம் அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. கேட்டது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. பதில் சொல்ல வேண்டியவள் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பிலோமி டீச்சர். அன்றைக்குப் பார்த்து நூலக வகுப்பு எடுக்க வேண்டிய சொர்ணக்கிளி டீச்சர் கொழுந்தன் மகள் சடங்கு அவசரத்தில் அலமாரியைக்கூடப் பூட்டாமல் போய் லீவு போட்டிருந்தாள். பிலோமி டீச்சர் மேசைக்கடியில் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டபடி, "அதானே, ஏன் அப்படி நடக்குது? எனக்கும் தெரியலயே மக்கா" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மேல்தட்டில் இருந்த கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதி இரண்டு அட்டைகளையும் விரித்து, அடைகாத்து எழுந்த கோழி மாதிரி உடம்பை ஓர் உதறு உதறி, தட்டுத் தட்டாக இறங்கி, தரையில் தத்தித் தத்தி வந்து, அவள் மடியில் ஏறி, நண்டு இருக்கும் பக்கத்தைத் திறந்துகொண்டு படுத்தது. பிலோமி டீச்சர் முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு வாசித்துச் சொன்னாள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மணி அடித்தது.

மறுநாள் சொர்ணக்கிளி வந்து அலமாரியைத் திறந்ததுமே ஏழாம் தொகுதி எட்டாம் தொகுதிக்கு அந்தப் பக்கம் நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். யார் எடுத்தது என்று கேட்டாள். யாரும் எடுக்கவில்லை, அதுவாகவே இறங்கி வந்தது என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். புத்தகம் நடந்ததில் அவளுக்கு வியப்பு ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாகப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறவள், என்றைக்காவது ஒருநாள் அதுகள் நடக்கத்தான் செய்யும் என்று மனசுக்குள் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அந்த ஒருநாள் தான் லீவு போட்ட நாளாகவா இருக்க வேண்டும், அதுவும் நேற்று வந்தவள் மடியிலா, முறுக்குத் தூளுக்கு நடுவிலா போய்ப் படுக்க வேண்டும்? ஏழாம் தொகுதியை எடுத்து, ஒட்டியிருந்த முறுக்குத் தூளை ஊதிவிட்டு, எட்டாம் தொகுதிக்கு முன்னால் வைத்தாள்.

அவள் ஆற்றாமையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நூலகம் ஒரு காலத்தில் கால் ஒடிந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கிற அறையாகக் கிடந்தது. உப்பளத்துக் காற்றுக்குத் தாழ்ப்பாளெல்லாம் துருப்பிடித்து, பல்லி முட்டையும் எட்டுக்கால் பூச்சி வலையுமாக இருந்ததைக் கூட்டி, கழுவி, வெள்ளையடித்து, வீடு வீடாகப் போய் வேண்டாத புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு, மூடிப்போன கூட்டுறவுக் கடையிலிருந்து ஒரு கண்ணாடி அலமாரியை வாங்கிவந்து நிறுத்தியவள் அவள். அகராதி ஒன்று, தொகுதி விட்டுப்போன கலைக்களஞ்சியம் ஒன்று, ஆள் படுத்தால் போர்த்திக்கொள்கிற அளவுக்கு ஓர் உலக வரைபடப் புத்தகம், பழைய ரயில் கால அட்டவணை, கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் கழித்துவிட்ட கோழி வளர்ப்புப் புத்தகம் என்று எது வந்தாலும் மாட்டேன் என்று சொல்லாமல் அட்டை போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, இடம் கொடுத்தாள். அலமாரிச் சாவியைத் தாலிக்கொடியில் சேர்த்துக் கோத்திருந்தாள். வீட்டு பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குத் தேடச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு டப்பா நிறையக் கேள்விச் சீட்டு எழுதி வைத்திருப்பாள். பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கேள்விக்குத் தலையும் உண்டு வாலும் உண்டு, முதலில் தலையைப் பிடி என்பாள். பிடித்த சொல்லுக்கு அகராதியைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் அந்த விஷயம் பேசுகிற புத்தகத்துக்குப் போக வேண்டும், போனாலும் முன்பக்கமாக நுழையக் கூடாது. புத்தகத்துக்கு வாசல் பின்பக்கம். கடைசியில் இருக்கும் சொல்லடைவில் விரலை வைத்து, பக்க எண்ணைப் பிடித்து, அப்புறம்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அதோடும் முடியாது. கிடைத்த பதிலை வேறொரு புத்தகத்தில் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டின் பின்னால் எழுத வேண்டும். "ஒரு புத்தகம் சொன்னா வதந்தி. ரெண்டு புத்தகம் சொன்னாத்தான் சேதி" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது. உப்பு வாருகிற வீட்டுப் பிள்ளைகள், வாய்ப்பாடு தெரியாததுகள்கூட, சொல்லடைவில் விரலை ஓட்டுவதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். டப்பாவில் இருந்த கேள்வி அத்தனைக்கும் பதில், எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்பதோடு சொர்ணக்கிளிக்கு மனப்பாடம்.

பிலோமி டீச்சருக்கோ சொல்லடைவு என்றால் என்னவென்றே தெரியாது. புத்தகத்தைத் தேடுவதென்றால் முன்னட்டையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவாள், நடுவில் படம் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். கூந்தலில் டிசம்பர் பூ, கையில் முறுக்கு டப்பா, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. எதைக் கேட்டாலும் தெரியலயே என்பாள், என்னவோ பெரிய பட்டம் வாங்கிய மாதிரி. அவளிடம்தான் புத்தகங்கள் போயின. மழை எங்கிருந்து வருகிறது, திமிங்கலத்துக்குத் தொப்புள் உண்டா, நாய் வெந்நீரைக் கண்டால் ஏன் ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க, தெரியலயே, தெரியலயே என்று அவள் சொல்லச் சொல்ல, ஒன்று மாற்றி ஒன்றாக இறங்கி வந்து மடியில் பக்கத்தைத் திறந்தன.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அளத்தங்கரை ஜனம் மீனும் உப்பும் தவிர எதையும் அதிசயமென்று ஒத்துக்கொள்ளாத ஜனம். புத்தகம் நடக்கிறதாம் என்றதும், நடக்கட்டும், கீழே விழுந்து அடிபடாமல் நடந்தால் சரி என்றுதான் முதலில் சொன்னார்கள். அலமாரிக்கு முன்னால் விரிக்கச் சொல்லி வீட்டுக்கு ஒரு பழைய சேலையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்கள் உட்கார்ந்து மெத்தைபோலத் தைத்துப் போட்டார்கள். தச்சர் ஒருவர் வந்து, பாவம் தடித்த தொகுதிகள் குதிக்கச் சிரமப்படுகின்றன என்று சின்னச் சின்னப் படியாக ஓர் ஏணி செய்து சாத்தினார். பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துப் பூனை ஒருநாள் எலியென்று நினைத்துப் பாய்ந்து கவ்விவிட்டதால் பூனையை அடுத்த தெருவுக்குக் குடியேற்றினார்கள். பங்குச்சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார், பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதிவிட்டுப் போனார், அம்மன் கோவில் பூசாரி அலமாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். மூன்று பேரும் போகிறபோது ஆளுக்கொரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்துகொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் பெரியவர்களும் வரலாம் என்று தலைமையாசிரியர் கோமதிநாயகம் சார் சொன்னதும் வரிசை உப்புக் குவியல் வரைக்கும் நின்றது. ஊர்க்காரர்கள் சீக்கிரமே புத்தகங்களின் குணத்தைப் புரிந்துகொண்டார்கள். அதுகளுக்குத் தெரிந்ததைத்தான் அதுகள் சொல்லும். தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்ட கட்சிக்காரருக்கு ஒரு புத்தகமும் அசைந்து கொடுக்கவில்லை. எல்லாம் எதிர்க்கட்சிப் புத்தகங்கள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். மருமகள் ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்று கேட்டவளுக்கு ரயில் கால அட்டவணை வந்து, மருமகள் ஊருக்குப் போகிற வண்டி இருக்கும் பக்கத்தைத் திறந்தது. அவள் பதில் கிடைத்துவிட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் டிக்கெட் எடுத்தாள்.

அந்த வரிசையில் வாராவாரம் தவறாமல் நின்றவள் முத்துப்பேச்சி. உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவள், காலெல்லாம் உப்பு அரித்து வெளுத்திருக்கும். அவள் மகன் ஐகோர்ட்துரை வளைகுடாப் பக்கம் மீன்பிடிக் கப்பலுக்குப் போனவன், போன கோடையிலிருந்து போன் இல்லை. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "எம் பிள்ள எங்க இருக்கான்?" பிலோமி டீச்சர் கண் கலங்கி, தெரியலயே பேச்சியக்கா என்பாள். உடனே வரைபடப் புத்தகம், அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, நீலமாய் ஒரு கடல் இருக்கும் பக்கத்தைத் திறக்கும். முத்துப்பேச்சிக்கு எழுத்துத் தெரியாது. அந்த நீலத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு, இங்கதான் இருக்கான், இந்தத் தண்ணிமேலதான் இருக்கான் என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அது தாங்கும்.

ஊரே இப்படிக் குளிர்ந்துகொண்டிருந்தபோது சொர்ணக்கிளி ஒருத்திதான் வெந்துகொண்டிருந்தாள். பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களைத் தொலைத்திருப்பாள். தான் கவலைப்படுவது பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக என்றாள் வீட்டில். புத்தகம் வந்து ஊட்டிவிட்டால் பிள்ளை எப்படித் தேடக் கற்கும் என்றாள் பள்ளியில். அது உண்மையும்தான், அதனால்தான் அவளுக்கு வசதியாகப் போயிற்று. டப்பாவில் கேள்விச் சீட்டுகள் பழுத்துப்போய்க் கிடந்தன. ஐந்தாம் வகுப்புச் சந்தனமாரி, எந்தச் சொல்லையும் கண் மூடித் திறப்பதற்குள் அகராதியில் பிடித்துவிடுகிற பிள்ளை, அவளே ஒருநாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பிலோமி டீச்சரிடம் கேட்டுவிட்டு வரவா என்று கேட்டாள். சொர்ணக்கிளி போ என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பிள்ளை அந்தப் பக்கம் போனதும் டப்பாவை எடுத்து மூடிவைத்துவிட்டாள்.

அப்புறம் அவளும் செய்யாததெல்லாம் செய்தாள். பிள்ளைகள் விளையாடப் போன வேளையில் அலமாரிக்கு முன்னால் நின்று, குரலைத் தேனாக்கிக்கொண்டு, இந்தியாவிலேயே நீளமான ஆறு எது என்று கேட்டாள். ஒன்றும் அசையவில்லை. தேனீ எப்படித் தேன் சேர்க்கிறது என்று கேட்டாள். புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒருநாள் தானும் டிசம்பர் பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் கடையில் முறுக்கு வாங்கி, கடிக்க முடியாமல் கடித்துக்கொண்டு கேட்டாள். நான் போட்ட அட்டை, நான் ஒட்டிய சீட்டு, கரையான் அரிக்காமல் வேப்பிலை வைத்துக் காத்தவள் நான், உங்களைப் பழைய பேப்பர்காரன் தராசிலிருந்து பிடுங்கி வந்தவள் நான் என்று அழாத குறையாகச் சொல்லிக்காட்டினாள். வளர்த்தவளை விட்டு வந்தவள் பின்னால் போகிறதுகளே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவே இல்லை.

இதற்கெல்லாம் மேலே கோமதிநாயகம் சார் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, நல்லவிதமாகத்தான் சொன்னார். கல்வி அதிகாரி பார்வைக்கு வருகிறார், நம் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார், அது முடிந்ததும் நூலகப் பொறுப்பைப் பிலோமி டீச்சரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்கும் வயசாகிறது, இரண்டாம் வகுப்புக் கையெழுத்துப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டால் ஓய்வாக இருக்கும் என்றார். சொர்ணக்கிளி சரி சார் என்றாள். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று முகம் கழுவினாள், கழுவியும் முகம் எரிந்தது. சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் அப்புறம் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதிகாரி வந்த அன்று காலையில், எல்லோரும் வாசலில் கோலம் போட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் அலமாரியைப் பூட்டினாள். பூட்டைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்து, சாவியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் வரவேற்பில் நின்று பன்னீர் தெளித்தாள். அதிகாரி நல்ல மனுஷன். நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, உப்பு விளைகிற ஊராயிற்றே, எங்கே, கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று பிலோமி டீச்சரைக் கேட்டார். "அதான் தெரியலயே சார்" என்றாள் அவள், வழக்கமான சிரிப்போடு.

அலமாரிக்குள் ஏதோ முட்டியது. வரைபடப் புத்தகம்தான் முதலில் கிளம்பியிருந்தது, கடல் விஷயம் என்பதால். கண்ணாடியில் மோதி விழுந்தது, எழுந்தது, மறுபடி மோதியது. ஒன்று தவிப்பதைப் பார்த்து மற்றதெல்லாம் எழுந்தன. அகராதி, தொகுதிகள், பூச்சிப் புத்தகம் எல்லாம் அட்டைகளை அடித்துக்கொண்டு கண்ணாடியில் வந்து விழுந்த சத்தம், வலையில் சிக்கிய மீன்கள் படகுத் தளத்தில் துள்ளுகிற சத்தமாக இருந்தது. சாவி, சாவி என்று சார் கத்தினார். சொர்ணக்கிளியின் கை சேலைமேல் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடி உடைந்தது. வரைபடப் புத்தகம் உடைந்த விளிம்பில் மாட்டிக் கிழிந்து, மெத்தைமேல் தலைகுப்புற விழுந்து, பிலோமியின் மடிவரைக்கும் ஊர்ந்து போய்ச் சேராமலேயே படுத்துவிட்டது. அகராதிக்கு முதுகு விட்டுப்போயிற்று. அதிகாரி பார்வைக் குறிப்பில், அலமாரிக்குக் கண்ணாடி மாற்றப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போனார்.

யாரும் சொர்ணக்கிளியைக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. பிலோமி டீச்சர் பசையும் துணியும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அகராதியின் முதுகை ஒட்டினாள், ஒட்டத் தெரியாமல் கோணலாக ஒட்டினாள். பூட்டு எப்படி விழுந்தது என்று சார் கேட்டதற்கு, நான்தான் காற்றுக்குக் கதவு அடிக்கிறதே என்று சாத்தச் சொன்னேன் சார் என்று பொய் சொன்னாள். கெட்டவளாக இருந்திருந்தாலாவது சொர்ணக்கிளிக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். அந்தப் பெண் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

சனிக்கிழமை வந்தது, முத்துப்பேச்சியும் வந்தாள். ஊரில் பாதிப்பேர் அறைக்குள் இருந்தார்கள், பிள்ளைகள் ஜன்னலில் ஏறியிருந்தார்கள். எம் பிள்ள எங்க இருக்கான் என்று அவள் கேட்டாள், தெரியலயே என்று பிலோமி சொன்னாள், வரைபடப் புத்தகம் தட்டில் கிடந்தபடியே அட்டையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அதை எடுத்து வந்து முத்துப்பேச்சி மடியில் வைத்தார்கள். வாராவாரம் திறந்து திறந்து நைந்திருந்த பக்கம் அது. கண்ணாடி பட்டுச் சரியாக அந்த நீலம் இரண்டாகக் கிழிந்திருந்தது. முத்துப்பேச்சி விரலை வைக்க இடம் தேடினாள். இந்தத் துண்டில் வைத்தாள், அந்தத் துண்டில் வைத்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

"எந்தக் கை செஞ்சுச்சு இத?" என்றாள்.

காத்துதான் பேச்சியக்கா, அன்னைக்குக் கடல்காத்து ஒரேடியா அடிச்சுதுலா என்று பிலோமி ஆரம்பித்தாள். சொர்ணக்கிளி எழுந்து நின்றாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து எழவில்லை. அந்த விரல் இடம் தேடியதைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை.

"காத்து இல்ல. நான்தான் பூட்டுனேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு, குடுக்கல."

முத்துப்பேச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் கோபத்தைக் காணோம், விளங்காமல்தான் பார்த்தாள்.

"ஏன் டீச்சர்?"

சொர்ணக்கிளி வாயைத் திறந்தாள். ஒழுங்கு, முறைமை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று இத்தனை நாள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த பதில்களில் ஒன்றையாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். ஒன்றுமே கைக்கு வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் அந்த அறைக்குள் ஒருநாள்கூடச் சொல்லியிராத ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்தது.

"தெரியலயே" என்றாள். "எனக்கே தெரியல பேச்சி. நான் எதுக்கு அப்படிச் செஞ்சேன்?"

மேல்தட்டில் அகராதி உடம்பை உதறியது. ஒட்டிய முதுகு கோணலாக இருந்ததால் நொண்டிக்கொண்டே தச்சர் செய்த படிகளில் இறங்கி, மெத்தையைக் கடந்து, நேராக வந்தது. பிலோமி பழக்கதோஷத்தில் முழங்காலை ஒதுக்கி மடியைக் காட்டினாள். அகராதி அவளைத் தாண்டிப் போயிற்று. சொர்ணக்கிளி பொத்தென்று உட்கார்ந்தாள். எத்தனையோ முறை அவள் தூக்கிச் சுமந்த கனம்தான், ஆனால் அது தானாக வந்து ஏறியபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டது, கடைசியில் என்னிடமும் வந்துவிட்டது என்று அதன் அட்டையைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணீரில் எழுத்தும் தெரியவில்லை. சந்தனமாரிதான் பக்கத்தில் வந்து, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே விரலை வைத்து, ஊருக்கே கேட்கிற குரலில் வாசித்தாள்.

"பொறாமை. பிறருக்குக் கிடைத்தது கண்டு பொறுக்காத மனம்."

ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், அவளுக்கு மட்டும்தான் புதுசு. சொர்ணக்கிளியின் முகம் சிவந்து கறுத்தது. கடைசியாக மிச்சமிருந்த ஒரே கிளையை எட்டிப் பிடித்தாள்.

"ஒரு புத்தகம் சொன்னா வதந்திதான்" என்றாள், அவசரமாக.

பிள்ளைகள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். ஆகவே காத்திருந்தார்கள். இத்தனை மாதத்தில் யாரும் காத்திருந்ததில்லை. முதல் புத்தகம் வந்ததும் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்றைக்குத்தான் பெரியவர்களும் சேர்ந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தட்டின் மூலையில் ஏதோ புரண்டது. கோழி வளர்ப்புப் புத்தகம் தூசியோடு வெளியே வந்து, அதற்குப் படிகூடத் தேவைப்படவில்லை, குடுகுடுவென்று ஓடிவந்து அகராதிக்குப் பக்கத்தில் ஏறிப் படுத்தது. சந்தனமாரி மறுபடியும் விரலை வைத்தாள்.

"கூட்டில் நெடுநாள் இருக்கும் கோழி, புதிதாக விடப்பட்ட கோழியைக் கொத்தும். இது நோய் அல்ல. தன் இடம் போய்விடும் என்ற பயமே காரணம். இரண்டுக்கும் ஒரே தட்டில் தீவனம் வைத்துவந்தால் சில நாளில் அடங்கிவிடும்." வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, டீச்சர் முகத்தைப் பார்த்து, அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னது. "அப்ப இது சேதிதான் டீச்சர்."

முதலில் சிரித்தது முத்துப்பேச்சி. போன கோடைக்கு அப்புறம் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிறகு ஊரே சிரித்தது, ஜன்னல் கம்பியில் தொங்கிய பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தார்கள், கோமதிநாயகம் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். சொர்ணக்கிளி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த இரண்டு புத்தகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அகராதி, அப்புறம் விஷயம் பேசுகிற புத்தகம், அப்புறம் ஒத்துப் பார்த்தல். அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. இத்தனை வருஷமும் இதுகள் அலமாரிக்குள் சும்மா நின்றிருக்கவில்லை. வாராவாரம் அவள் நடத்திய பாடத்தையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒன்றுவிடாமல் கேட்டுத்தான் தேடக் கற்றிருக்கின்றன. தெரியாது என்கிறவரைத் தேடித்தான் இறங்கி வந்திருக்கின்றன. தெரியாது என்று தான் சொன்னதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு கண்ணாடி உடைய வேண்டியிருந்ததே என்று நினைத்ததும்தான் அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவள் செய்த முதல் வேலை கிழிந்த கடலை ஒட்டியது. சோற்றுக் கஞ்சியும் மெல்லிய தாளும் வைத்து, தண்ணீர் தண்ணீரோடு சேருகிற மாதிரி, கோடு தெரியாமல் ஒட்டினாள். வரைபடப் புத்தகம் இனி நடக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்போ நான் எப்படிப் பார்ப்பேன் என்று முத்துப்பேச்சி கேட்டாள். சொர்ணக்கிளி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தைக் குப்புறப் போட்டு, வாசல் பின்பக்கம் பேச்சி என்று ஆரம்பித்தாள். உப்பு அரித்த அந்த விரலைப் பிடித்துச் சொல்லடைவில் வைத்து, முதல் எழுத்து இது, அதற்கு நேரே பக்க எண் இது என்று காட்டினாள். அந்தியாகும்போது முத்துப்பேச்சி, யாரும் பக்கத்தைத் திறந்து கொடுக்காமல், தானாகவே அந்த நீலத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இங்கதான் இருக்கான் என்றாள்.

எல்லோரும் போன பிறகு சொர்ணக்கிளி சாவியைக் கழற்றிக் கோமதிநாயகம் சார் மேசைமேல் வைத்தாள். சார் சாவியையும் பார்த்தார், கண்ணாடி இல்லாத அலமாரியையும் பார்த்தார். இது யாரிடம் இருந்தால் என்ன டீச்சர், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பை இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவள் திரும்பி வந்து புத்தகங்களை ஏற்றிவைத்தாள். பழக்கம் விடுமா, கண்ணாடி இல்லாத கதவைச் சாத்திப் பூட்டி இழுத்தும் பார்த்தாள்.

பிலோமி டீச்சர் மேசைக்கடியிலிருந்து டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் கோழி வளர்ப்புப் புத்தகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணக்கிளி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். எள்ளும் ஓமமும் அளவாக, மொறுமொறுவென்று, வாயில் போட்டதும் கரைந்தது. தன் கைக்கு ஒருநாளும் இந்தப் பக்குவம் வராது என்று அவளுக்குத் தோன்றிய மாத்திரத்தில், மேல்தட்டில் அகராதி லேசாக உடம்பை உதறியது.

"நீ பேசாமக் கெட" என்று அதை அதட்டிவிட்டு அவள் இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.